நெத்திலிக்கு ஒரு பெட்டி

அயர்லாந்தில் நர்ஸ் வேலை உறுதியாகிவிட்டது என்று ஆர்த்தி சொன்னபோது முதல் கேள்வி ஆளுக்கு ஆள் மாறியது. எப்போது கிளம்புகிறாய், அங்கே எவ்வளவு குளிர், கல்யாணம் என்னாவது. இரண்டாவது கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். நாயை என்ன செய்யப் போகிறாய்?

"கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றாள்.

கேட்டவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்காததைக் கண்டதும் வேறு பேச்சுக்குப் போனார்கள்.

நெத்திலி நாட்டு நாய். கஜா புயல் ஓய்ந்த மூன்றாம் நாள் வேதாரண்யத்துக்குத் தெற்கே ஆர்த்தியின் ஊரில், கடல் தூக்கிக் கொண்டுவந்து தென்னந்தோப்புக்குள் போட்டிருந்த ஒரு படகின் அடியில் அவள் தம்பி ஜெகன் கண்டெடுத்த குட்டி. உள்ளங்கையில் அடங்கியது. "நெத்திலி மாரி இருக்குது" என்று அம்மா தையல்நாயகி சொன்னதே பெயராகிவிட்டது. ஆனால் வளர்ந்தபின் அது நெத்திலியாக இல்லை. எழுந்து நின்றால் முன்கால்கள் ஆர்த்தியின் இடுப்புக்கு வரும். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை கிடைத்து அவள் வந்தபோது, அப்போது குட்டியாக இருந்த அதையும் பஸ்ஸில் மடியில் வைத்துக் கூட்டி வந்தாள்.

இரண்டு வயதில் ஒரு சரக்கு வேன் மோதி வலது பின்னங்கால் நொறுங்கியது. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் தகடு வைத்துக் காலைக் காப்பாற்றினார்கள். முட்டிதான் மடங்கவில்லை. அந்தக் காலை ஊன்றலாம், நடக்கலாம், பூனையைக் கண்டால் ஓடக்கூடச் செய்யும். படுக்கும்போது மட்டும் இடப்பக்கமாகச் சாய்ந்து, வலது காலை உலக்கைபோல் நேரே நீட்டிக்கொள்ளும். தெரியாமல் யாராவது அந்தக் காலைத் தாண்டப் போனால் உறுமும்.

"இங்க விட்டுட்டுப் போயேன்" என்று அம்மா சொன்னாள். "மீன் தலையும் சோறும் போட்டா அதுபாட்டுக்குக் கெடக்கப் போவுது."

ஒருமுறை அப்படித்தான் விட்டிருந்தாள். சென்னையில் இரண்டு மாதப் பயிற்சி. அம்மா மீன் ஏலத்துக்கு விடியுமுன்னே துறைக்குப் போய்விடுவாள். ஜெகன் படகு கட்டும் பட்டறைக்கு. கரைநாய்கள் கூட்டமாகத் திரியும் ஊர் அது. கால் மடங்காத நாயால் ஓடித் தப்பவும் முடியாது, திரும்பி நின்று கடிக்கவும் முடியாது. ஆர்த்தி திரும்பி வந்தபோது நெத்திலியின் ஒரு காது பாதிதான் இருந்தது. அம்மாவை அவள் குறை சொல்லவில்லை. இன்னொரு முறை விட்டுப் போவதில்லை என்று மட்டும் முடிவு செய்துகொண்டாள்.

அயர்லாந்துக்கு நாயைக் கொண்டுபோக வேண்டிய காகித வேலைகளை எல்லாம் முந்தைய வருடமே தொடங்கிவிட்டாள். தோலுக்கடியில் அடையாளச் சில்லு, வெறிநாய்த் தடுப்பூசி, வெளிநாட்டு ஆய்வகத்துக்கு ரத்தம், அதன் பிறகு மூன்று மாதக் காத்திருப்பு. ஒவ்வொன்றாக முடிந்தது. கடைசியாக மிஞ்சியது நாய் பயணம் செய்ய ஒரு கூண்டு. அதுதான் இருப்பதிலேயே எளிது என்று நினைத்தாள். கடையில் கிடைப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே.

பயணத்துக்கு ஏழு வாரம் இருக்கும்போது பிளாஸ்டிக் கூண்டு வீடு வந்து சேர்ந்தது. லாப்ரடார் நாய்களுக்கான அளவு என்று அட்டையில் படம் போட்டிருந்தது. ஆர்த்தி உள்ளே ஒரு துண்டு கோழியை வைத்தாள். நெத்திலி நம்பி உள்ளே போனது, தின்றது, திரும்ப முயன்றது. நீட்டிய கால் பக்கச் சுவரில் மோதி நின்றது. மறுபக்கம் திரும்பியது, அங்கும் மோதியது. பயந்துபோய்ப் பின்னோக்கி வந்ததில் கால் கதவுச் சட்டத்தில் மாட்டிக்கொள்ள, அது கத்திய கத்தலில் மாடி வீட்டுக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். ஆர்த்தி சுற்றியிருந்த திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கூண்டின் மேல்பாதியையே தூக்கித்தான் அதை வெளியே எடுத்தாள். கால் வீங்கவில்லை. ஆனால் அன்று முழுக்க நெத்திலி அந்த அறைக்குள் வரவில்லை.

மறுநாள் வாடகைக் காரில் ஒரத்தநாட்டுக்குக் கூட்டிப் போனாள். அங்கே நெத்திலியைத் தொடக்கத்திலிருந்து பார்த்து வருபவர் டாக்டர் எழில்மொழி. அவர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "காலுக்கு ஒண்ணுமில்ல. கூண்டுதான் தப்பு" என்றார்.

"பெரிய சைஸ்தான் மேடம் வாங்குனேன். மூக்குலேர்ந்து வால் வரைக்கும் அளந்து, அவங்க சொன்ன கணக்கு போட்டுத்தான்."

"அந்தக் கணக்கு நாலு காலும் மடங்குற நாய்க்கு. இவளுக்கு அளவு நிக்கும்போது எடுக்கக் கூடாது, படுக்கும்போது எடுக்கணும்." அவர் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். "நிக்கையில காது கூரையில இடிக்கக் கூடாது. நின்ன இடத்துலயே முழுசா திரும்பணும். காலை நீட்டி அவ இஷ்டப்படி படுக்கணும். இந்த மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் அனுப்பாதீங்க. மயக்க ஊசி, தூக்க மாத்திரை எதுவும் கூடாது. மேல போனதும் மூச்சுக்கு ஆபத்து. அவளுக்கு அந்தப் பெட்டி முதல்ல வீடா ஆகணும். அதுக்கே நாலு வாரம் வேணும்."

இருவருமாகத் தரையில் படுத்திருந்த நெத்திலியை அளந்தார்கள். உள்ளளவு நீளம் நூற்றுப் பதினைந்து சென்டிமீட்டர், அகலம் எண்பது, உயரம் எழுபது இருந்தால் போதும் என்று வந்தது.

பயண ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்ட சென்னை முகவர் ரஞ்சித்துக்கு அங்கிருந்தே போன் செய்தாள்.

"அடுத்த சைஸ் ஒண்ணு இருக்கு மேடம்" என்றான் அவன். "ஆனா அது உயரமே எண்பத்தொம்பது. நீங்க மாறி ஏறுற ரெண்டாவது ஃப்ளைட் சின்னது. அதுல எண்பதுக்கு மேல ஏத்த மாட்டாங்க."

"எனக்கு உயரம் வேண்டாம். அகலம்தான் வேணும்."

"அப்படி அகலமா, குட்டையா கடையில வராது மேடம். நான் ஒண்ணு சொல்லவா? வாங்குனதுலயே அட்ஜஸ்ட் பண்ணி வச்சிரலாம். ஒரு கால்தானே."

"பதினெட்டு மணி நேரம் நீங்க ஒரு காலை அட்ஜஸ்ட் பண்ணிப் படுத்திருப்பீங்களா?"

"இல்ல மேடம்."

"தனியா செஞ்சா ஏத்துக்குவாங்களா?"

"விதிப்படி இருந்தா மரத்துலயும் செய்யலாம், ஃபைபர்லயும் செய்யலாம். ஆனா சரக்கு கவுன்ட்டர்ல இருக்கிற ஆபீசர் நாய் உள்ள எந்திரிச்சு நிக்கிறதையும் திரும்புறதையும் கண்ணால பார்ப்பாரு. அவர் வேண்டாம்னுட்டா அன்னிக்கு நாய் கிளம்பாது."

ஃபைபர் என்றதும் ஆர்த்திக்குத் தம்பி நினைவு வந்தது. ஜெகன் ஃபைபர் படகு கட்டுகிறவன். வேதாரண்யம் முதல் நாகப்பட்டினம் வரை அவன் கை பட்ட படகுகள் கடலில் ஓடுகின்றன. அளவுகளை எழுதி அனுப்பினாள்.

"பத்து நாள் குடுக்கா" என்றான். "விமானம் விழுந்தாக்கூட இது உடையாது."

"வாயக் கழுவு."

பத்தாம் நாள் காலை ஒரு சின்ன லோடு வேனில் அவனே பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்தான். இறக்கி வைத்தபோது தெருவே பார்த்தது. கடல்நீல நிறத்தில் பளபளவென்று, மூலைகள் எல்லாம் படகின் முன்முனைபோல வளைந்து, பக்கங்களில் காற்றுக்கு வரிசையாக ஓட்டைகள், முன்னால் துருப்பிடிக்காத கம்பிக் கதவு. மேலே வெள்ளைப் பெயின்டில் நெத்திலி என்று எழுதி ஒரு சிறிய மீனும் வரைந்திருந்தான்.

"கடல்ல தூக்கிப் போட்டாலும் மிதக்கும்" என்றான்.

நெத்திலி வந்து ஜெகனைச் சுற்றிக் குதித்தது. பிறகு பெட்டியின் வாசலுக்குப் போய் மூக்கை நீட்டியது. தும்மியது. இன்னொரு முறை தும்மியது. பின்வாங்கி வந்து ஆர்த்தியின் கால்களுக்குப் பின்னால் நின்றுகொண்டது.

ஆர்த்தியும் குனிந்து மோந்தாள். ஃபைபர் ஊற்றும் ரசாயனத்தின் காட்டமான நெடி மூக்கில் ஏறியது. பட்டறையின் நடுவில் நிற்பது போலிருந்தது.

"கதவத் திற" என்றாள். திறந்ததும் முட்டியை மடக்கிக்கொண்டு உள்ளே ஏறி உட்கார்ந்தாள். "சாத்து."

"என்னக்கா பண்ணுற?"

"சாத்துடா. கால் மணி நேரம் கழிச்சுத் திற."

தெருவில் இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள். ஜெகன் கதவைச் சாத்திவிட்டு மணி பார்த்தான். உள்ளே ஐந்தாம் நிமிடம் ஆர்த்தியின் கண்களில் நீர் வந்தது. பத்தாம் நிமிடம் நெற்றிப் பொட்டில் வலி தொடங்கியது. மனித மூக்குக்கே இப்படி என்றால் நாய்க்கு எப்படி இருக்கும்? கால் மணி நேரம் முடிந்து வெளியே வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேண்டாம்டா" என்றாள்.

ஜெகன் புரியாதவன்போலப் பார்த்தான். "வாடை தானே? வெயில்ல வச்சா போயிடும். இன்னும் அஞ்சு வாரம் இருக்குல்ல."

"அவளப் பழக்குறதுக்கு இன்னிலேர்ந்தே பெட்டி வேணும். மொத நாளே இத வெறுத்துட்டா அப்புறம் எந்தப் பெட்டிக்குள்ளயும் போவ மாட்டா. வெயில் பட்டா மறுபடியும் நெடி வராதுன்னு உன்னால சொல்ல முடியுமா?"

அவன் பெட்டியின் வளைந்த மூலையைத் தடவினான். "படகு மாதிரிக் கட்டியிருக்கேன்க்கா" என்றான் மெதுவாக.

"அவ கடல்ல போவலடா."

சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன உடனே தோன்றியது. ஜெகன் பெட்டியைத் தனியாகவே தூக்கி வேனில் வைத்தான். அவள் உதவிக்கு வந்தபோது தோளால் விலக்கினான். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். வண்டி கிளம்பிவிட்டது.

மதியம் அம்மா போன் செய்தாள். "புள்ள பத்து நாளாச் சோறு தண்ணி மறந்து பண்ணுனான். ஒரு நாய்க்காக அவன் மூஞ்சில அடிச்ச மாரி பேசிட்டியே."

"நாய்க்குன்னுதாம்மா பண்ணச் சொன்னேன். நாய்க்கு ஆவலன்னா அத யாருக்குன்னு வச்சிக்கிறது?"

பேசி முடித்ததும் ஆர்த்தி சிறிது நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பணிக்குப் போனாள்.

அன்று அவள் பார்த்த நோயாளிகளில் உத்திராபதி என்று ஒருவர். தஞ்சாவூர் ஓவியங்கள் விற்கும் கடைக்காரர். குடலிறக்க அறுவை முடிந்து வீட்டுக்குப் போகத் தயாராக இருந்தவர், தன் படங்கள் சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் கண்ணாடி கீறாமல் போய்ச் சேர்வதைப் பற்றிப் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் அளந்துகொண்டிருந்தார். ஊசி போட வந்த ஆர்த்தி, "யார் சார் பேக் பண்ணுறாங்க?" என்று கேட்டாள்.

"கீழவாசல்ல மர்யம். என் படம் மட்டுமில்ல, இந்த ஊர் வீணையெல்லாம் அந்தம்மா பெட்டியிலதான் விமானம் ஏறுது."

மறுநாள் பணி முடிந்ததும் நேரே அங்கே போனாள். ஓர் அரிசி மண்டியை ஒட்டிய சந்தில் தகரக் கூரை போட்ட பட்டறை. சுவர் நெடுக நீளமான பெட்டிகள் நின்றன. மரத்தூள் படிந்த முக்காட்டோடு, காதில் பென்சில் செருகி, ஒரு பலகையைக் கண்ணுக்கு நேரே பிடித்து வளைவு பார்த்துக்கொண்டிருந்தார் மர்யம். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆர்த்தி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுப் பலகையைக் கீழே வைத்தார்.

"இதுவரைக்கும் நான் பேக் பண்ணுன எதுவும் மூச்சு விட்டதில்லையேம்மா."

"அளவெல்லாம் எழுதிக் கொண்டாந்திருக்கேன்க்கா. விதிமுறை தாளும் இருக்கு."

"தாளை வச்சுட்டுப் போங்க, படிச்சுப் பாக்குறேன். அளவு நானே எடுத்துக்குவேன். பொருளைப் பாக்காம நான் பலகையில ரம்பம் வைக்கிறதில்ல. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் நெத்திலி பட்டறைக்கு வந்தது. மர்யம் அதைத் தொடவில்லை, கூப்பிடவும் இல்லை. தரையைப் பெருக்கிவிட்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். நாய் எல்லாப் பெட்டிகளையும் மோந்து முடித்துக் களைத்து, இடப்பக்கம் சாய்ந்து, காலை நீட்டிப் படுத்தது. உடனே மர்யம் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு வந்து, அதன் உடம்பைச் சுற்றி சிமென்ட் தரையில் கோடு போட்டார். கோடு காலை நெருங்கியபோது நெத்திலி உறுமியது. மர்யம் கையை நிறுத்தி, அது அடங்கும்வரை காத்திருந்து, பிறகு தொடர்ந்தார். நாய் எழுந்து இரண்டு முறை இடம் மாறிப் படுத்தது; ஒவ்வொரு முறையும் மறுபடி ஒரு கோடு. மூன்று கோடுகளையும் சேர்த்து ஒரு செவ்வகம் வரைந்தார். டேப்பை வைத்தார்.

"டாக்டரம்மா சொன்ன நீளம் சரி. அகலத்துக்கு இன்னும் மூணு சென்டிமீட்டர் வேணும். எந்திரிக்கும்போது காலை வெளிய தள்ளி ஊன்றுறா, பாத்தீங்களா?"

ஆர்த்தி ஆறு வருடமாகப் பார்க்கிறாள். அதைக் கவனித்ததில்லை.

பிறகு இருவரும் விதிமுறைத் தாளை வரி வரியாகப் படித்தார்கள். ஆணி கூடாது, போல்ட்டும் நட்டும்தான். உள்ளே ஒரு முனைகூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நான்கு பக்கமும் காற்று வர வேண்டும், ஆனால் எந்த ஓட்டையிலும் பாதம் நுழையக் கூடாது. கதவைத் திறக்காமலே தண்ணீர் ஊற்ற வழி வேண்டும்.

"இவ்வளவு ஓட்டை போட்டா பெட்டி எங்கேம்மா இருக்கும்? மேல ஒரு மூட்டை வச்சான்னா நசுங்கிரும்" என்றார் மர்யம்.

"மேல வைக்க மாட்டாங்கக்கா. உயிருள்ளதுன்னு ஒட்டுவோம்."

"ஒட்டுறதப் படிச்சுப் பாத்துதான் வைக்கிறாங்கன்னு நெனைக்கிறீங்களா? இருபது வருஷமா கண்ணாடி, உடையும்னு ஒட்டிக்கிட்டிருக்கேன்." சற்று யோசித்துவிட்டு, நான்கு மூலையிலும் தடித்த சட்டம் வைத்துக் கூரையை அதன்மேல் நிறுத்துவது என்றும், பக்கங்களில் மேல்பாதி முழுக்கக் கம்பி வலை என்றும் முடிவு செய்தார். "சட்டத்துக்கு முத்திரை குத்துன மரம்தான். சூடு காட்டிப் பூச்சி கொன்ன மரம்னு முத்திரை இல்லன்னா அந்த நாட்டுக்காரன் திருப்பி அனுப்பிடுவான். பிளைவுட்டுக்கு அது தேவையில்ல."

"உள்ள பெயின்ட் வேண்டாம், வார்னிஷ் வேண்டாம். வாசனையே கூடாது."

"மூத்திரம் பேஞ்சா பலகை உறிஞ்சுமே?"

"தரைக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு போட்டுடலாம். அதுக்கு மேல ஆஸ்பத்திரியில போடுற விரிப்பு."

மர்யம் தலையாட்டினார். ஆறு நாளில் பெட்டி தயாரானது. மீனும் இல்லை, பெயரும் இல்லை. வெளிறிய மரநிறத்தில், அகலமாக, குட்டையாக, ஒரு கோழிக்கூடுபோல இருந்தது. நெத்திலி வாசலுக்கு வந்து மோந்தது. தும்மவில்லை. முன்கால்களை உள்ளே வைத்தது. இடது பின்னங்காலும் போனது. மடங்காத கால் வாசல் படியில் இடித்து நின்றது. நான்கு விரல் உயரம், அவ்வளவுதான். அதைத் தாண்டத் தூக்க முடியாமல் நாய் அப்படியே நின்று ஆர்த்தியைத் திரும்பிப் பார்த்தது.

ஆர்த்தி படியைத்தான் பார்த்தாள். ஜெகனின் முகம் நினைவில் இருந்தது. பெட்டி வேண்டாம் என்று இன்னொருவரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

மர்யமே ரம்பத்தை எடுத்தார். "என்ன மூஞ்ச இப்படி வச்சிருக்கீங்க? இடிக்குதுன்னா இடிக்குதுன்னு சொல்லுங்க. பெட்டிக்குள்ள நானா போவப் போறேன்?"

படியை ஒரு விரல் உயரத்துக்கு அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். இந்த முறை கால் தாண்டியது. நெத்திலி உள்ளே போய், ஒரு முழுச் சுற்று சுற்றி, வாசலைப் பார்த்துப் படுத்தது.

அதன் பிறகு நான்கு வாரம் ஆர்த்தியின் வீட்டுக் கூடத்தில் பாதியைப் பெட்டி அடைத்துக்கொண்டது. சாப்பாடு உள்ளேதான். முதல் வாரம் கதவே சாத்தவில்லை. இரண்டாம் வாரம் சாப்பிடும்வரை சாத்தினாள். பிறகு பத்து நிமிடம், அரைமணி, இரண்டு மணி. ஒருநாள் நெத்திலி கதவைப் பிறாண்டியது. ஆர்த்தி அடுப்படியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு, அது நிறுத்திய பிறகே போய்த் திறந்தாள். மறுநாள் மறுபடி பத்து நிமிடத்திலிருந்து தொடங்கினாள். மூன்றாம் வாரக் கடைசியில், கூப்பிடாமலே நாய் உள்ளே போய்த் தூங்க ஆரம்பித்தது.

வீட்டில் பெட்டி அசையாது. விமானத்தில் அசையும். அதற்கு ஒரு வண்டி வேண்டும். ஆர்த்தி ஒரு மாதமாகப் பேசாத தம்பிக்குப் போன் செய்தாள்.

"ஜெகா, வேன் ரெண்டு நாளைக்கு வேணும். ஓட்டுறதுக்கு நீயும் வேணும்."

மறுமுனையில் பட்டறையின் இரைச்சல் கேட்டது. "ஞாயித்துக்கிழம வர்றேன்" என்றான்.

வந்தவன் நேரே பெட்டியிடம் போய்ச் சுற்றிச் சுற்றி வந்தான். போல்ட்டுகளை விரலால் முடுக்கிப் பார்த்தான். வலையை இழுத்துப் பார்த்தான். கதவின் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டு, பெட்டியை ஒரு குலுக்குக் குலுக்கினான். ஒன்று நழுவித் திறந்துகொண்டது. வேனிலிருந்து படகுக் கொக்கி ஒன்றை எடுத்து வந்து அந்த இடத்தில் பொருத்தினான்.

"மத்ததெல்லாம் நல்லாத்தான் பண்ணியிருக்காங்க" என்றான். இதைச் சொல்வது அவனுக்கு எவ்வளவு சிரமம் என்று ஆர்த்திக்குத் தெரியும்.

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா."

"சரி வுடு. மொதல்ல வந்து ஒரு கை புடி."

பெட்டியை நாயோடு ஏற்றி, வலைக்கயிற்றால் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினான். திருக்காட்டுப்பள்ளிச் சாலையில் வண்டியை விட்டான். சம்பா அறுத்த வயல்களில் உளுந்து காய் பிடித்திருந்தது. வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டர்கள் எதிரே வந்தன. ஒவ்வொரு வேகத்தடையிலும் ஜெகன் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாகவே ஏறி இறங்கினான். பின்னால் பெட்டியருகே உட்கார்ந்திருந்த ஆர்த்தி வலை வழியே பார்த்துக்கொண்டே வந்தாள். முதல் நாள் நெத்திலி வழி நெடுக நின்றது, நடுங்கியது, ஒருமுறை வாந்தி எடுத்தது. மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு ஏற்றினார்கள். திருவையாறு தாண்டுமுன்னே படுத்துவிட்டது. பாலம் ஏறி இறங்கியதும் லாரிக்காரன் அடித்த ஹாரனுக்குக் காதை மட்டும் அசைத்தது.

கிளம்பும் நாள் வந்தது. ஜெகன் வேனிலேயே சென்னைக்கு ஓட்டி வந்தான். சரக்கு முனையத்தில் மதியம் இரண்டு மணிக்கு ஒப்படைக்க வேண்டும். ரஞ்சித் தாள்களோடு நின்றிருந்தான். கவுன்ட்டரில் இருந்த அதிகாரியின் சட்டையில் பரிதி என்று பெயர் இருந்தது. தாள்களைப் பார்த்தார், பெட்டியின் உயரத்தை அளந்தார், எழுபத்தேழு. மரத்தில் குத்திய முத்திரையைத் தேடிப் பார்த்தார். வலையில் விரலை விட்டு இழுத்தார். பட்டியலில் எல்லாவற்றுக்கும் எதிரே கோடு போட்டுக்கொண்டே வந்தவர், நாயைப் பார்த்து நிறுத்தினார்.

நெத்திலி படுத்திருந்தது. காலை நீட்டி, கண்ணை மூடி, சுகமாக.

"எழுப்புங்க" என்றார்.

ஆர்த்தி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நாய் கண்ணைத் திறந்து வாலை ஒருமுறை தரையில் தட்டிவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

"இது நின்னு திரும்புறத நான் பாக்கணும்மா. பெட்டி அளவு சரியா இருந்தா மட்டும் போதாது." அவர் குனிந்து பார்த்தார். "மயக்க மருந்து ஏதாவது குடுத்தீங்களா? உண்மையச் சொல்லுங்க. குடுத்திருந்தா ஏத்த மாட்டேன்."

"குடுக்கல சார். பழக்கியிருக்கோம். அவளுக்கு இது வீடு மாதிரி."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. போன வருஷம் ஒருத்தர் இப்படிச் சொல்லி ஏத்துன நாய் இறங்கும்போது உயிரோட இல்ல."

ரஞ்சித் பெட்டியைத் தட்டினான். ஜெகன் விசில் அடித்தான். நெத்திலி ஜெகனை ஒரு கண்ணால் பார்த்தது. நான்கு வாரமாகப் பெட்டிக்குள் அமைதியாக இருக்கக் கற்றுக்கொடுத்ததை அது பிசகாமல் செய்துகொண்டிருந்தது. கதவைத் திறந்து இழுத்து நிறுத்தலாம். ஆனால் தானாக நின்று திரும்பினால்தானே அவர் நம்புவார்?

"சார், ஒரு நிமிஷம்" என்றாள். "நீங்க முன்னாடியே நில்லுங்க."

அவள் பெட்டியின் முன்னாலிருந்து விலகி, பக்கவாட்டில் சுவர் ஓரமாக நடந்து, நாயின் பார்வையிலிருந்து மறைந்தாள். பெயர் சொல்லவில்லை. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

நெத்திலியின் கண் திறந்தது. தலை நிமிர்ந்தது. ஆர்த்தி இருந்த இடத்தில் ஒரு காக்கிக் கால்சட்டை நின்றது. நாய் முன்கால்களை ஊன்றியது, மடங்காத காலை அகலமாகத் தள்ளி ஊன்றி எழுந்தது. காது கூரையைத் தொடவில்லை. நீட்டிய கால் அரைவட்டம் போட்டு வர, எந்தச் சுவரிலும் படாமல், முழு உடம்பும் திரும்பியது. பின்பக்க வலையில் மூக்கை வைத்து உறிஞ்சி, அங்கே குந்தியிருந்த ஆர்த்தியைக் கண்டுபிடித்ததும் வால் இரண்டு பக்கப் பலகையிலும் மாறி மாறி அடித்தது.

பரிதி பட்டியலின் கடைசிக் கட்டத்தில் கோடு போட்டார். "தண்ணிக் கிண்ணத்த நிரப்பிடுங்க" என்றார். இரண்டு அடி நடந்தவர் திரும்பி வந்து, "அந்தக் காலுக்கு என்னாச்சு?" என்று கேட்டார். ஆர்த்தி சொன்னாள். அவர் ஒரு சிவப்புப் பட்டையை எடுத்து வந்து, பெட்டியின் மேல் வேறு எதுவும் வைக்கக் கூடாது என்று தன் கையாலேயே எழுதி ஒட்டினார்.

டப்ளினில் மழை பெய்துகொண்டிருந்தது. விலங்குகளைச் சோதிக்கும் கட்டிடத்தில் ஆர்த்தி நான்கு மணி நேரம் காத்திருந்தாள். மூன்றாம் மணி நேரத்தில் அவள் தமிழில் எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டு முடித்திருந்தாள். பிறகு ஒரு பெண் வந்து சில்லு எண்ணைச் சரிபார்த்துவிட்டதாகச் சொல்லி உள்ளே அழைத்தாள்.

பெட்டியின் ஒரு மூலையில் ஏதோ இடித்துச் சிராய்த்திருந்தது. சட்டம் நின்றது. உள்ளே விரிப்பு நனைந்திருந்தது, கிண்ணம் காலியாக இருந்தது. நெத்திலி வாசலைப் பார்த்து நின்றிருந்தது. ஆர்த்தி தாழ்ப்பாள்களைத் திறந்தாள். கடைசியாக, ஜெகன் பொருத்திய கொக்கி எளிதில் கழலவில்லை.

நாய் ஒரு விரல் உயரப் படியைத் தாண்டி வெளியே வந்தது. உடம்பை உதறியது. அவள் மேல் ஏறவில்லை, கொஞ்சவில்லை. கயிற்றை இழுத்துக்கொண்டு நேரே வெளியே புல்தரைக்குப் போய், மழையில், மடங்காத காலைப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு வெகுநேரம் மூத்திரம் பெய்தது. முடித்ததும் முன்பின் தெரியாத அந்தப் புல்லை அங்குலம் அங்குலமாக மோந்துகொண்டு போனது. ஆர்த்தி நனைந்தபடி அதன் பின்னால் நடந்தாள்.

போன் அடித்தது. அம்மா. பின்னால் துறையின் சத்தம் கேட்டது.

"வந்து சேந்துட்டோம்மா. நல்லாருக்கா."

"சாப்டுச்சா?"

"இன்னும் இல்ல. இப்பத்தான் வெளிய வந்தா."

"அப்ப என்ன போன்ல பேசிக்கிட்டு? மொதல்ல அதுக்குச் சோத்தப் போடு" என்றாள் தையல்நாயகி.